செத்தது லேப்டாப்தான்... ஃபைல் இல்லை!

நாளை மறுநாள் வைவா. அறுபது பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து லேப்டாப் பட்டனை அழுத்துறீங்க. ஒரு லைட் எரியுது. அணையுது. அப்புறம் கும்மிருட்டு. இல்லேன்னா கம்பெனி லோகோ வந்து, அதுக்குக் கீழே வட்டம் சுத்துது, சுத்துது, விடிய விடிய சுத்துது!

அடுத்த அஞ்சாவது நிமிஷம் உங்க ரூமில் ஃப்ளோரே கூடிடும். "மச்சி, ஃபார்மட் போட்டுடுடா, எல்லாம் சரியாயிடும்" என்பான் ஒருத்தன். "ரீசெட் குடுடி, என் அக்கா லேப்டாப்புக்கு அப்படித்தான் பண்ணோம்" என்பாள் ஒருத்தி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஃப்ரீசரில் வைக்கச் சொல்லும் விஞ்ஞானியும் கட்டாயம் ஒருத்தர் இருப்பார். ஆளுக்கொரு வைத்தியம்.

பாஸ்... அந்த நேரத்தில் நீங்க செய்ய வேண்டிய முதல் காரியம், எதையுமே செய்யாமல் இருப்பது! ஒரு டீ குடிங்க. அப்புறம் இந்தப் பக்கத்தை எடுத்து நிதானமாகப் படிங்க.

ஒரு விஷயத்தை மட்டும் மனசில் பதிய வெச்சுக்கோங்க. லேப்டாப் வேறு, ஃபைல் வேறு. பூட்டு ரிப்பேராகி வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் பீரோ காணாமல் போய்விடுமா என்ன? மதர்போர்டு, ஸ்க்ரீன், பேட்டரி, விண்டோஸ்... இதில் எது மக்கர் பண்ணினாலும் லேப்டாப் ஆன் ஆகாது. ஆனால், உங்க ஃபைல்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில் அல்லது எஸ்.எஸ்.டி.யில். அது நல்லா இருக்கும் வரைக்கும் ரிப்போர்ட்டும் இருக்கு, போன வருஷ டூர் போட்டோவும் இருக்கு.

நம்பிக்கை வரலையா? 2024 ஜூலை 19-ஐ ஞாபகப்படுத்திப் பாருங்க. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான அப்டேட். மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி, உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. விமானங்கள் ரத்து. நம்ம நாட்டு ஏர்போர்ட்டுகளில்கூட போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தாங்க. ஆனால், அந்த மெஷின்களில் இருந்த ஃபைல்கள் எங்கேயும் போகலை. ரெக்கவரி மோடில் உள்ளே நுழைந்து அந்த ஒரு கோளாறு ஃபைலை அழித்ததும் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. பூட் ஆகலைன்னா எல்லாம் போச்சுன்னு அர்த்தம் இல்லை!

முதலில் நாடி பிடிங்க

"ஆன் ஆகலை" என்று சொல்வது "உடம்பு சரியில்லை" என்பது மாதிரி. என்ன வியாதின்னு தெரியணும் இல்லையா? மூணே வகைதான்.

முதல் வகை: உயிரே இல்லை. லைட் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை. சார்ஜரை வேறு பிளக்கில் போட்டுப் பாருங்க. அதே வாட்ஸ் உள்ள வேறு சார்ஜர் பக்கத்து ரூமில் இருந்தால் வாங்கிப் பாருங்க. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை முழுசா 30 விநாடி அழுத்திப் பிடிச்சு விடுங்க. அப்புறம் சார்ஜரை மாட்டி ஆன் பண்ணுங்க. உள்ளே தேங்கி நிற்கும் கரன்ட் வடிந்துவிட்டால் சில லேப்டாப்கள் தானாகவே எழுந்துவிடும். எழவில்லை என்றாலும் பயம் வேண்டாம். இந்த வகையில் டிஸ்க் பத்திரமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் வகை: உயிர் இருக்கு, முகம் தெரியலை. லைட் எரியுது, ஃபேன் ஓடுது, ஸ்க்ரீன் மட்டும் கறுப்பு. கேப்ஸ் லாக்கைத் தட்டுங்க. அதன் விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். செல்போன் டார்ச்சை ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில் அடிச்சுப் பாருங்க. மங்கலாக ஏதாவது தெரிந்தால் பேக்லைட் மட்டும்தான் போயிருக்கு. ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை எடுத்து டி.வி.யிலோ கிளாஸ் ப்ரொஜெக்டரிலோ மாட்டுங்க. படம் வந்துச்சா? உடனே பென் டிரைவைச் செருகி காப்பி பண்ணிடுங்க. முடிஞ்சது கதை!

மூணாம் வகை: முகம் தெரியுது, பேச்சு வரலை. லோகோ வருது, விண்டோஸ் வரலை. நீலமாகவோ கறுப்பாகவோ எர்ரர் பக்கம், இல்லேன்னா "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று சொல்லிச் சொல்லியே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட். பெரும்பாலும் இது விண்டோஸின் வியாதி. வாசகம் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால் மட்டும் கொஞ்சம் உஷார். டிஸ்க்கையே லேப்டாப்பால் பார்க்க முடியவில்லை என்று பொருள். டிஸ்க் செத்திருக்கலாம், அல்லது இடத்தை விட்டு லேசாக நகர்ந்திருக்கலாம், அல்லது பயாஸ் செட்டிங் மாறியிருக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் பொது விதி ஒண்ணு. காப்பி முதலில், ரிப்பேர் அப்புறம். இந்த வரிசையை யாருக்காகவும் மாத்தாதீங்க. "ரீசெட் திஸ் பி.சி." பக்கம் வந்தால் விரலைக் கட்டிப் போடுங்க. அதில் "ரிமூவ் எவ்ரிதிங்" என்று ஒரு பட்டன் இருக்கு. பதற்றத்தில் விரல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

லேப்டாப்பை விட்டுட்டு வெளியே தேடுங்க

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்கி இதைச் செய்யுங்க. உங்க ஃபைல் ஏற்கெனவே வேறெங்கோ உட்கார்ந்திருக்கலாம்.

மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்த லேப்டாப்பா? டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் உங்களுக்கே தெரியாமல் ஒன்டிரைவுக்குப் போய்க்கொண்டு இருந்திருக்கலாம். இலவச அளவு 5 ஜி.பி.தான் என்றாலும் ஒரு ரிப்போர்ட்டுக்கு அது எக்கச்சக்கம். செல்போனில் ஒன்டிரைவைத் திறந்து பாருங்க. கூகுள் டிரைவையும் பாருங்க. கைடுக்கு அனுப்பின மெயிலின் சென்ட் பாக்ஸ், க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப், டீம்மேட்டின் பென் டிரைவ்... எதையும் விடாதீங்க.

கடைசியாக எங்கே பிரின்ட் எடுத்தீங்க? காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடைதானே! அந்த அண்ணன் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் ஊரில் உள்ள அத்தனை பேர் ப்ராஜெக்ட்டும் கிடக்கும். அவர் ராத்திரி எல்லாத்தையும் அழிச்சுடுறதுக்குள்ள போய், "அண்ணே, போன வாரம் ஒரு ஃபைல் குடுத்தேனே" என்று கேட்டுப் பாருங்க. ஒரு வாரம் பழசு என்றாலும், அறுபது பக்கத்தில் ஐம்பது பக்கம் கையில் வந்துடும்.

48 நம்பர் இருக்கா?

இப்போது வரும் விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லாகின் செய்ததுமே மொத்த டிஸ்க்கும் என்க்ரிப்ட் ஆகிவிடுகிறது. பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று பெயர். பூட்டின் சாவி லேப்டாப்பின் மதர்போர்டுக்குள்ளேயே ஒரு சிப்பில் இருக்கும். தினமும் அதுவே திறந்துகொள்வதால் நமக்குத் தெரியாது. லேப்டாப் படுத்த பிறகு டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால்தான், "48 இலக்க ரெக்கவரி கீ கொடு" என்று வழிமறிக்கும்.

கிரவுட்ஸ்ட்ரைக் சமாசாரத்தில் பல ஆபீஸ்கள் திண்டாடியதும் இதே இடத்தில்தான். அழிக்க வேண்டியது ஒரே ஒரு ஃபைல். ஆனால், மெஷினுக்கு மெஷின் 48 நம்பரைத் தேடி டைப் பண்ணியாக வேண்டியிருந்தது.

அதனால் செல்போனில் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்துக்குப் போங்க. டிவைசஸ் பகுதியில் உங்க லேப்டாப் பெயரும், அதற்குள் பிட்லாக்கர் கீயும் இருக்கா பாருங்க. லேப்டாப்பை முதல் தடவை செட் பண்ணினது அண்ணனா, மாமாவா, கடைக்காரரா? அப்படின்னா கீ அவங்க அக்கவுன்ட்டில் இருக்கும். காலேஜ் கொடுத்த மெயில் ஐ.டி.யில் லாகின் செய்திருந்தால், சிஸ்டம் அட்மினிடம் கேளுங்க. கீ கிடைத்தால் ஒரு பேப்பரில் எழுதி வெச்சுக்கோங்க. கிடைக்கவே இல்லை என்றால்... அந்தப் பூட்டை எந்தக் கடைக்காரராலும் உடைக்க முடியாது. "நான் உடைச்சுத் தர்றேன், அட்வான்ஸ் குடுங்க" என்பவரிடம் காசைக் கொடுத்து ஏமாறாதீங்க.

வழி 1: விண்டோஸின் பின்வாசல்

மூணாம் வகை வியாதிக்கு இது. லேப்டாப்பை ஆன் செய்து, லோகோ வந்து வட்டம் சுத்த ஆரம்பித்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைச்சுடுங்க. இப்படி இரண்டு, மூணு தடவை. அடுத்த முறை விண்டோஸ் தானாகவே ரெக்கவரி பக்கத்தைக் காட்டும். உள்ளே ஹார்ட் டிஸ்க் "டக்... டக்..." என்று சத்தம் போட்டால் மட்டும் இதைச் செய்யவே கூடாது. காரணம் பின்னாடி வருது.

அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபுள்ஷூட், மறுபடியும் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் கமாண்ட் ப்ராம்ப்ட். கறுப்பு ஜன்னல் திறந்ததும் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்க. நம்ம பழைய நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் மெனு, ஓப்பன். கீழே "டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ்" என்று இருப்பதை "ஆல் ஃபைல்ஸ்" என்று மாத்துங்க. அவ்வளவுதான், அந்தச் சின்ன பெட்டிதான் உங்க ஃபைல் எக்ஸ்ப்ளோரர்! யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்க பெயர். அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி, பென் டிரைவுக்குப் போய் பேஸ்ட்.

இதில் இரண்டு குழப்பம் வரும். இங்கே டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். வழக்கமான சி டிரைவ், டி என்றோ இ என்றோ தெரியலாம். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்க. இரண்டாவது, எத்தனை சதவிகிதம் காப்பி ஆனது என்று இது காட்டாது. திரை உறைந்தது மாதிரி இருக்கும். அது வேலை பார்த்துக்கொண்டு இருக்கிறது. பொறுமை!

வழி 2: கடன் வாங்கிய மூளை

பின்வாசலும் திறக்கலையா? உங்க லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸையே தொடாமல், ஒரு பென் டிரைவில் இருக்கும் லினக்ஸை வைத்து அதை எழுப்பலாம். இது ரொம்பப் பழைய வித்தை. ஜெர்மனிக்காரர் கிளாஸ் நாப்பர் 2000-ல் வெளியிட்ட நாப்பிக்ஸ் என்ற சி.டி., அந்தக் காலத்து சிஸ்டம் அட்மின்களின் பையில் தவறாமல் இருக்கும். சி.டி.யைப் போட்டால் போதும், இன்ஸ்டால் செய்யாமலே முழு லினக்ஸ் ஓடும். இன்றைக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கலாம்.

நண்பன் கம்ப்யூட்டர் ஒண்ணு, 8 ஜி.பி.க்குக் குறையாத பென் டிரைவ் ஒண்ணு. உபுண்டுவின் ஐ.எஸ்.ஓ. ஃபைலை அதன் சொந்த வெப்சைட்டிலிருந்து டவுன்லோட் பண்ணுங்க. ரூஃபஸ் என்ற இலவச சாஃப்ட்வேரால் அதை பென் டிரைவில் ஏத்துங்க. கவனம்! அந்த பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். ஒரு ஃபைலைக் காப்பாத்தப் போய் இன்னொருத்தர் ஃபைலைக் காலி பண்ணிடாதீங்க. காப்பி எடுக்க வேறொரு பென் டிரைவோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கோ தனியா வேணும்.

இப்போ உங்க லேப்டாப்பில் செருகி ஆன் செய்யும்போதே பூட் மெனு பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்க. லெனோவோ, டெல், ஏசரில் பொதுவாக எஃப்12. ஹெச்.பி.யில் எஃப்9. ஆசுஸில் எஸ்கேப். மாடலுக்கு மாடல் மாறலாம். லிஸ்ட்டில் யூ.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுங்க. உபுண்டு வந்ததும் "ட்ரை" என்பதைத்தான் அழுத்தணும். "இன்ஸ்டால்" பக்கமே போகாதீங்க. அது உங்க டிஸ்க்கை அழிக்கவும் தயாராக இருக்கும் பட்டன்!

உள்ளே ஃபைல்ஸ் ஐகானைத் திறந்தால் உங்க விண்டோஸ் டிஸ்க் தெரியும். கிளிக் பண்ணுங்க. பிட்லாக்கர் இருந்தால் கீ கேட்கும். அந்த 48 நம்பரைக் கொடுத்தால் திறந்துவிடும். சில சமயம், "விண்டோஸ் சரியாக ஷட் டவுன் ஆகலை, படிக்க மட்டும்தான் விடுவேன்" என்று லினக்ஸ் முரண்டு பிடிக்கும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். நமக்கும் படிச்சு காப்பி எடுத்தால் போதுமே, விட்டுடுங்க.

டிஸ்க்கே தெரியலையா? உடனே ஒப்பாரி வேண்டாம். சில இன்டெல் லேப்டாப்களில் ஸ்டோரேஜ் செட்டிங் காரணமாக லினக்ஸ் கண்ணுக்கு டிஸ்க் தெரியாமல் போவது உண்டு. பயாஸுக்குள் டிஸ்க்கின் பெயர் தெரியுதான்னு முதலில் பாருங்க. தெரிந்தால் அது உயிரோடுதான் இருக்கு.

காப்பி எடுக்கும் பென் டிரைவ் எஃப்.ஏ.டி.32 ஃபார்மட்டில் இருந்தால், 4 ஜி.பி.யைத் தொடும் ஃபைல் எதுவும் ஏறாது. கல்ச்சுரல்ஸ் வீடியோ மட்டும் காப்பி ஆகாமல் நின்றால் காரணம் இதுதான். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்த பென் டிரைவை எடுங்க.

வழி 3: டிஸ்க்கைக் கழற்றுவது

முதல் வகை, அதாவது உயிரே இல்லாத லேப்டாப்புக்கு இதுதான் வழி. வாரன்டி இருக்கான்னு பார்த்துட்டு, சார்ஜரைப் பிடுங்கிட்டு ஆரம்பிங்க. பழைய லேப்டாப்பில் இருப்பது உள்ளங்கை அளவு 2.5 இன்ச் டிஸ்க். சாட்டா டு யூ.எஸ்.பி. கேபிளோ கேஸோ வாங்கினால் போதும். சில நூறு ரூபாய் சமாசாரம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும். புது லேப்டாப்பில் சூயிங்கம் மாதிரி ஒல்லியாக எம்.2 எஸ்.எஸ்.டி. இருக்கும். இதில் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு ஜாதி. கேஸ் வாங்கும்போது எஸ்.எஸ்.டி.யைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, பொருத்தமானதைக் கேட்டு வாங்குங்க.

நண்பன் கம்ப்யூட்டரில் மாட்டினால் எக்ஸ்டர்னல் டிஸ்க் மாதிரி தெரியும். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று கேட்டால் கன்டின்யூ கொடுங்க. "இந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணட்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால் மட்டும், சத்தியமாக கேன்சல்!

விலை குறைந்த சில லேப்டாப்களில் இ.எம்.எம்.சி. என்ற ஸ்டோரேஜ் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்ற முடியாது. இப்போதைய மேக்புக்கிலும் இதே கதைதான். ஆப்பிள் சிப் உள்ள மேக் ஓரளவு உயிரோடு இருந்தால், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆப்ஷன்ஸுக்குள் போனால் "ஷேர் டிஸ்க்" என்று ஒரு வசதி இருக்கு. கேபிள் போட்டு இன்னொரு மேக்கில் ஃபைல்களை எடுக்கலாம். சுத்தமாக ஆன் ஆகலைன்னா போர்டை ரிப்பேர் செய்பவர்தான் கதி.

டிஸ்க்கே சாகும்போது...

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி மாதிரி தட்டு ஒண்ணு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுத்துது. தட்டுக்கு மேலே, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், படிக்கும் முனை மிதக்குது. "டக்... டக்..." சத்தம் வந்தால் அந்த முனைக்கு ஏதோ ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் தட்டின் மேல் அது கோடு கிழிக்கலாம். கோடு விழுந்த இடத்தில் இருந்தது போனது போனதுதான். அதனால் சத்தம் கேட்டால் உடனே அணைச்சுடுங்க. "இன்னும் ஒரே ஒரு தடவை" வேண்டவே வேண்டாம். ஃப்ரீசர் வைத்தியமும் வேண்டாம், உள்ளே ஈரம் கோர்த்துக்கும். மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது. அந்த இடைவெளிக்கு ஒரு தூசியே மலை!

சத்தம் இல்லை, ஆனால் காப்பி ஆமை வேகத்தில் போகுது, நடுநடுவே எர்ரர் வருது என்றால், டிஸ்க் தடுமாறிக்கொண்டு இருக்கு. செக் டிஸ்க் ஓட்டி அதை மேலும் வதைக்காதீங்க. அது பழுது பார்க்கிறேன் என்று டிஸ்க்கில் எழுதவும் செய்யும். முக்கியமான ஃபோல்டரை முதலில் எடுங்க. ரிப்போர்ட் முதலில், சினிமா கடைசியில்! லினக்ஸ் தெரிந்த சீனியர் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்று காதில் போடுங்க. நல்லா இருக்கும் பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்டுப்போன இடங்களைக் கடைசியில் தொடும் சாமர்த்தியமான இலவச டூல் அது. அது எடுத்துக் கொடுக்கும் நகலின் மேல் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச டூல்களை ஓட்டிப் பார்க்கலாம். போட்டோரெக் என்று பெயர் இருந்தாலும் வேர்டு, பி.டி.எஃப். எல்லாம் மீட்கும். ஃபைல் பெயர்கள் மட்டும் திரும்ப வராது. மீட்ட ஃபைலை அதே டிஸ்க்கில் சேவ் பண்ணக் கூடாது. மீட்க வேண்டிய வேறு ஃபைல் மேலேயே அது போய் உட்கார்ந்துக்கும்.

எஸ்.எஸ்.டி. விஷயம் வேறு. அதில் சத்தமே வராது. நேத்து வரைக்கும் ஓடியது இன்னிக்குப் பொட்டுனு போயிடும். அழித்த ஃபைலை மீட்பதும் கஷ்டம். டிரிம் என்ற ஏற்பாட்டின்படி, அழித்த இடத்தை எஸ்.எஸ்.டி. தானே துடைத்துச் சுத்தம் பண்ணிவிடும்.

கடைக்குப் போகும்போது

நாமே கை வைக்க பயமா இருக்கு, கடைக்கே போகலாம் என்பது தப்பில்லை. ஆனால் கவுன்ட்டரில் என்ன நடக்கும்? "தம்பி, ஓ.எஸ். போயிடுச்சு. ஃபார்மட் பண்ணா சரியாயிடும். டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல." நீங்க தலையாட்டினால் முடிஞ்சுது.

அவர் மேல் தப்பில்லை. அவரைப் பொறுத்தவரை ரிப்பேர் என்றால் லேப்டாப் ஆன் ஆகணும். உங்களைப் பொறுத்தவரை ரிப்பேர் என்றால் ஃபைல் வரணும். இந்த வித்தியாசத்தை நீங்கதான் வாய் திறந்து சொல்லணும். "அண்ணே, லேப்டாப் மெதுவா ரெடியாகட்டும். எனக்கு டேட்டாதான் முக்கியம். என்னைக் கேக்காம ஃபார்மட் பண்ணாதீங்க." சொன்னால் மட்டும் போதாது. சர்வீஸ் ரசீதிலும் எழுதி வாங்குங்க. வாரன்டியில் கம்பெனி டிஸ்க்கை மாத்தினால், பழைய டிஸ்க் பெரும்பாலும் உங்க கைக்குத் திரும்பி வராது என்பதையும் முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

இன்னொரு விஷயம். லேப்டாப்பில் உங்க போட்டோ, சாட், சர்ட்டிஃபிகேட், ஆதார் நகல் எல்லாமே இருக்கு. ஸ்க்ரீன் மாத்தவோ சார்ஜிங் பின் மாத்தவோ லாகின் பாஸ்வேர்டு எதுக்கு? கேட்டதும் எழுதிக் கொடுக்காதீங்க. "டிஸ்க்கைக் கழட்டிக் குடுத்துடுங்கண்ணே, நான் வெச்சிருக்கேன்" என்று தாராளமாகக் கேட்கலாம். காப்பி எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். உங்க பொருள், உங்க உரிமை. இதில் கூச்சப்பட ஒண்ணுமில்லை, முக்கியமாகத் தோழிகளே!

'டக் டக்' கேஸுக்குத் தெருமுனைக் கடை சரிப்படாது. தூசி இல்லாத தனி அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி லேப் வேணும். செலவு பல ஆயிரங்களில் போகும். எந்தெந்த ஃபைல் மீளும் என்ற லிஸ்ட்டையும் தொகையையும் முதலில் கேளுங்க. டேட்டா வரலைன்னா காசு உண்டா, இல்லையா என்பதையும் எழுத்தில் வாங்குங்க. அறுபது பக்கத்தைத் திரும்ப டைப் பண்ணிடலாம். பாட்டி உயிரோடு இருந்தப்ப எடுத்த ஒரே வீடியோ அதில்தான் இருக்கு என்றால், அந்தச் செலவைப் பத்தி வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் ஆகணும்.

பொம்மைகளைக் காப்பாத்தின அம்மா

1998. அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டூடியோ. 'டாய் ஸ்டோரி 2' வேலை மும்முரமாக நடக்குது. யாரோ கொடுத்த ஒரு தப்பான கமாண்டால் படத்தின் ஃபைல்கள் சர்வரில் இருந்து அழிய ஆரம்பிச்சது. பார்த்துக்கொண்டு இருக்கும்போதே வுட்டியின் தொப்பி, பூட்ஸ், அப்புறம் வுட்டியே காணோம்! "பேக்கப் இருக்கே" என்று போனால், அந்த பேக்கப் ஒரு மாசமாக ஒழுங்காக வேலையே செய்யலை. யாரும் திறந்து பார்க்கலை.

கேலின் சுஸ்மன் என்ற டெக்னிக்கல் டைரக்டருக்கு அப்போது கைக்குழந்தை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக படத்தின் நகல் ஒன்றை வீட்டு கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். காரை எடுத்துக்கொண்டு ஓடி, அந்த கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, குழந்தை மாதிரி பின்சீட்டில் வைத்துக் கொண்டு வந்தாங்க. படம் பிழைச்சது. 1999-ல் ரிலீஸும் ஆச்சு.

அவ்வளவு பெரிய ஸ்டூடியோவைக் காப்பாத்தினது வேறொரு இடத்தில் இருந்த ஒரே ஒரு நகல். இதைத்தான் 3-2-1 என்று சூத்திரமாகச் சொல்றாங்க. மூணு நகல், இரண்டு வெவ்வேறு சாதனம், ஒண்ணாவது வேறு இடத்தில். நமக்கு இதில் பைசா செலவில்லை. லேப்டாப்பில் ஒண்ணு, பென் டிரைவில் ஒண்ணு, கூகுள் டிரைவில் ஒண்ணு. அங்கே 15 ஜி.பி. இலவசம். கோடு எழுதுறவங்களுக்கு கிட்ஹப் இருக்கு. 2019-லிருந்து எல்லாருக்கும் பிரைவேட் ரெப்போ இலவசம்.

இரண்டே எச்சரிக்கை. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் செய்வது சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். அதனால் பென் டிரைவ் நகலை விட்டுடாதீங்க. இரண்டாவது, வாரத்துக்கு ஒரு தடவை பேக்கப்பில் இருக்கும் ஃபைல் ஒண்ணைத் திறந்து பாருங்க. திறக்காத பேக்கப், பேக்கப்பே இல்லை!

2011 முதல் மார்ச் 31-ஐ உலக பேக்கப் தினம்னு கொண்டாடுறாங்க. ஏப்ரல் ஒண்ணாம் தேதி முட்டாளாகாமல் இருக்க, முந்தின நாளே உஷாராம்! நீங்க மார்ச் வரைக்கும் காத்திருக்காதீங்க. லேப்டாப் நல்லா ஓடுற இந்த நேரத்திலேயே பிட்லாக்கர் கீயை எடுத்து நோட்டில் எழுதிடுங்க. ரிப்போர்ட்டை உங்களுக்கே ஒரு மெயில் போட்டுக்கோங்க. மொத்தமே அஞ்சு நிமிஷம்தான், மக்கா!